மாட்டுக்கு வாக்கில்லை

1. டேங்கர் வராத காலை

அந்த ஒக்டோபர் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் பால் இறக்கும் தளத்தில் ஒரு டேங்கர்கூட நிற்கவில்லை. சிட்னியின் மேற்குப் புறத்தில் இருந்த ஒரு பால் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் நான் அப்போது இரசாயனவியலாளனாக வேலை செய்தேன். பண்ணைகளிலிருந்து வரும் ஒவ்வொரு டேங்கரிலும் சாம்பிள் எடுத்து, வெப்பநிலை, மணம், கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்து, நாங்கள் சரி என்று சொன்ன பிறகே பால் உள்ளே ஏறும். டேங்கர் வராவிட்டால் எங்களுக்கு வேலை இல்லை. எங்களுக்குப் பின்னால் உள்ள போத்தல் பகுதிக்கும் வேலை இல்லை.

காரணம் எளிமையானது. முந்தைய நாள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் முழுவதும் கோடைகாலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வைத்திருந்தது. மாலையில் வேலை விட்டு வருவோருக்குக் கூடுதல் வெளிச்சம் கிடைப்பதற்கான ஏற்பாடு அது. தொழிற்சாலை புதிய நேரத்துக்கு விழித்துவிட்டது. பசுக்கள் பழைய சூரியனையே நம்பியிருந்தன.

எங்கள் மனேஜர் கொலின் வெள்ளைச் சப்பாத்துடன் வெறும் சீமெந்துத் தரையில் மேலும் கீழுமாக நடந்தார். ஆங்கிலத்தில் அவரும் மற்றவர்களும் சொன்னதை எங்கள் யாழ்ப்பாண வீட்டுப் பேச்சிலேயே தருகிறேன்.

"மாட்டுக்கு மணிக்கூடு கட்டிவிட ஒருத்தருக்கும் தோன்றேல்லையோ?"

"கட்டினாலும் முன்னங்காலிலதான் கட்டவேணும், கொலின். பின்னங்காலில கட்டினா உதைக்கும்" என்றேன்.

"நீர் பட்டதாரி. அதை உம்மட்டையே விடுறன்" என்றார்.

அன்று எல்லோரும் சிரித்தோம். அடுத்த கிழமையே நிர்வாகம் புதிய நேரத்துக்குப் பால் தயாராக இருக்க வேண்டும் என்று பண்ணைகளுக்கு உத்தரவிட்டது. டேங்கர்கள் நேரத்துக்கு வரத் தொடங்கின. எங்கள் சிரமம் தீர்ந்தது. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று எங்களில் எவரும் கேட்கவில்லை.

2. ராயல் கமிஷன்

அடுத்த ஆண்டு, 1976இல், மாநிலத் தேர்தலுடன் சேர்த்து வாக்காளரிடம் ஒரு கேள்வியும் கேட்கப்பட்டது. இந்தக் கோடைகால நேரமாற்றத்துக்கு நீங்கள் ஆதரவா? ஆம் அல்லது இல்லை என்று பதில் தர வேண்டும். பிரிட்டிஷ் பிரசைகள் என்ற பழைய வரையறைக்குள் இலங்கையரும் அடங்கியதால் என் பெயரும் என் மனைவி புவனாவின் பெயரும் வாக்காளர் பதிவில் இருந்தன. வாக்களிப்பது கட்டாயம். போகாதவருக்கு அபராதம் உண்டு.

பிறந்த நாட்டில் நான் ஆளுக்கு வாக்களித்திருக்கிறேன், கட்சிக்கு வாக்களித்திருக்கிறேன். ஒரு கேள்விக்கு வாக்களித்ததில்லை. ஆளைத் தெரிவு செய்தால், பிறகு நடப்பதற்கெல்லாம் அவரைக் குறை சொல்லலாம். கேள்விக்குப் பதில் சொன்னால், விளைவில் நமக்கும் பங்கு இருக்கிறது. இந்த எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. டேங்கர் சாரதிகளிடம் கேட்டேன். கன்ரீன் பெண்ணிடம் கேட்டேன். வேலைக்குப் பிறகு கிரிக்கெட் ஆடும் இளைஞர்களிடமும், வெளிச்சத்தில் குழந்தை தூங்க மறுக்கிறது என்று அலுத்துக்கொண்ட தந்தையிடமும் கேட்டேன். ஒவ்வொருவர் சொன்னதும் நியாயமாகவே பட்டது. அதனால் என் முடிவு நாளுக்கு நாள் தள்ளிப் போனது.

நான் கன்ரீனுக்குள் நுழைந்தாலே, அரசு அமைத்த விசாரணைக் குழு வருவதுபோலக் கொலின் குரல் கொடுப்பார்: "ராயல் கமிஷன் வருகுது. சாட்சி சொல்ல விருப்பமில்லாத ஆக்கள் இப்பவே எழும்பிப் போங்கோ."

பென்டில் ஹில்லில் இருந்த எங்கள் வீட்டில் மட்டும் இந்தக் கேள்விக்கு உடனடிப் பதில் இருந்தது. புவனா யாழ்ப்பாணத்தில் தாதியாக வேலை பார்த்தவர். சிட்னிக்கு வந்த பிறகு அந்த வேலைக்குத் திரும்ப அவர் பட்ட பாடு நீளமானது. கடைசியில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. ஆனால் அங்கே ரயிலும் இல்லை, ஷிப்ட் நேரத்துக்கு பஸ்ஸும் இல்லை. வருட முடிவுக்குள் கார் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்தால் இடத்தை வைத்திருப்பதாக அங்கே தலைமைத் தாதியான மேட்ரன் சொல்லியிருந்தார். புவனாவுக்கு இருட்டில் கார் ஓட்டப் பயம். எதிரே வரும் விளக்கைக் கண்டால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழகினால், அடுத்த ஞாயிறுக்குள் பயம் மறுபடி வந்துவிடும். நான் வீடு திரும்பும்போது மணி ஆறு. கோடையிலாவது அதற்குப் பிறகு வெளிச்சம் மிஞ்ச வேண்டுமானால், மணிக்கூடு முன்னே போக வேண்டும்.

"இஞ்சாருங்கோ, இதில யோசிக்க என்ன இருக்கு?" என்றார்.

"பண்ணைக்காரர் பக்கமும் இருக்குப் புவனா. மாடு பழைய நேரத்துக்குத்தான் பழகினது."

"மாட்டுக்கு வோட் இல்லை. எனக்கு இருக்கு."

 ஆனாலும் பண்ணைக்காரர் ஒருவரைப் பார்த்துப் பேசாமல் முடிவெடுப்பது நேர்மையாகாது என்று சொன்னேன். ஹோக்ஸ்பரி ஆற்றங்கரையில் பண்ணை வைத்திருந்த லெஸ் என்பவர் என்னை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமையோ? என்ர பிராக்டிஸ் நாளோ?" என்றார் புவனா. "சரி, நானும் வாறன். அந்த மாடுகளை நேரில கண்டு ரெண்டு கேள்வி கேக்கவேணும்."

3. ஆற்றங்கரைப் புல்வெளி

லெஸ் என்னைப் பால் கறக்கும் கொட்டிலுக்குள் அழைத்துச் சென்றார். பாலைக் குளிராக வைத்திருக்கும் பெரிய தொட்டியின் அருகே நின்று என் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். நேரம் மாறினால் இருட்டில் எழும்ப வேண்டும் என்றார். பழகிவிடும் என்றார். பழகாது என்றும் சொன்னார்.

"நீங்கள் என்ன போடப் போறியள்?"

"நானோ? இல்லை எண்டுதான்."

"அப்ப நானும் உங்களுக்காக இல்லை எண்டு போடலாமெண்டு நினைக்கிறன்."

லெஸ் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். "கிழமையில ஏழு நாளும் பால் கறக்கிறன், தம்பி. என்ர வோட்டையும் நானே போட்டுக்கொள்ளுவன். உமக்கு எது வசதி?"

எனக்கு வசதி என்று ஒன்றும் இல்லை, மனைவிதான் கார் பழகுகிறார் என்றேன்.

"எங்கை?" என்று கேட்டார். கேட்டபடியே வெளியே எட்டிப் பார்த்தார்.

எங்கள் பழைய ஸ்டேஷன் வேகன் கார் புல்வெளியில் பெரிய வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் புவனா இருந்தார். பக்கத்தில் லெஸ்ஸின் மனைவி பெரில், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மாடுகளை விலக்கிக்கொண்டிருந்தார். இருவரும் இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். மாடுகள் காரைச் சட்டை செய்யவில்லை.

 திரும்பி வரும் வழியில், பெரில் சொன்னதைப் புவனா எனக்குச் சொன்னார். நேரம் மாறிய கோடையில் இருட்டுக்குள் மாடுகள் ஆற்றங்கரையிலிருந்து அசையாது. விடிந்த பிறகுதான் வரும். அதே நேரத்தில் டேங்கர் வந்து வாசலில் நிற்கும், பிள்ளைகளின் ஸ்கூல் பஸ்ஸும் வந்துவிடும். ஒரு கையில் கறவைக் குழாய், மறு கையில் தலை வாரும் சீப்பு என்று அந்தக் கோடை முழுவதும் ஓடியதாகப் பெரில் சொன்னாராம். அவர்களின் பண்ணை அந்த டேங்கர் சுற்றில் முதல் நிறுத்தம்.

"அவவுக்கு நாலு பிள்ளையள்" என்றார் புவனா. 

4. கேக் மேசை

தேர்தல் சனிக்கிழமை அருகில் இருந்த ஆரம்பப் பள்ளிக்கு இருவரும் நடந்தே போனோம். அட்டைத் தடுப்புக்குள் நின்றபோது, இத்தனை வாரம் நான் செய்த விசாரணையில் ஒரு பிழை இருப்பது தெரிந்தது. மாநிலத்தில் உள்ள அனைவருக்கும் நீதிபதியாக இருந்து தீர்ப்புச் சொல்ல முயன்றிருக்கிறேன். லெஸ்ஸுக்கு வாக்கு உண்டு, அதை அவரே போடுவார். கிரிக்கெட் ஆடுபவர்களும் குழந்தையைத் தூங்க வைப்பவர்களும் தத்தம் வாக்கைப் போடுவார்கள். என் கையில் இருப்பது ஒரு வீட்டின் தேவை. அதை நான் சொல்லாவிட்டால் அந்தக் கணக்கில் அது விடுபட்டுப் போகும். ஆம் என்று எழுதினேன்.

வெளியே பள்ளித் தாய்மார் ஒரு மேசையில் கேக் விற்றுக்கொண்டிருந்தார்கள். தேங்காய்ப்பூவில் புரட்டிய லாமிங்டன் கேக் ஆளுக்கொன்று வாங்கினோம். அந்தப் பூ புவனாவின் சேலையெல்லாம் உதிர்ந்தது.

"நான் ஆம் எண்டு போட்டனான். உமக்காகத்தான்" என்றேன், பெருமையுடன்.

புவனா கடித்த கேக்கை விழுங்க நேரம் எடுத்துக்கொண்டார். "நான் இல்லை எண்டு போட்டிட்டன்."

"ஏன்?"

"பெரிலின்ர பிள்ளையளை நினைச்சன்."

"அப்ப லைசென்ஸ்?"

"அதை ஞாயிற்றுக்கிழமையில பழகுவம் எண்டு நினைச்சன்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். என் வாக்கை அவர் வாக்கும் அவர் வாக்கை என் வாக்கும் துடைத்துவிட்டிருந்தன.

"அப்பிடியெண்டா ரெண்டு பேரும் பேசாமல் வீட்டில இருந்திருக்கலாம்" என்றேன்.

"இருந்திருந்தா ரெண்டு பைன் கட்டியிருப்பம். வாங்கோ, இன்னொரு கேக் எடுப்பம்."

கேக் விற்ற பெண்மணி எங்களைப் பார்த்து, புதிதாகக் கல்யாணமானவர்களா என்று கேட்டார். அப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

5. சுற்றின் மறுமுனை

மாநிலம் பெரும்பான்மையாக ஆம் என்றது. எங்கள் வீட்டுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பெரிலுக்கு மறுபடி ஒரு கடினமான கோடை வரப் போகிறது என்பதும் அதனுடனேயே முடிவாகிவிட்டது. வாக்குப் பெட்டியில் அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை நான் போய்ச் சேரும் இடம் பால் தொழிற்சாலை.

கொலினிடம் போனேன். லெஸ்ஸின் பக்கத்து டேங்கர் சுற்றைத் தலைகீழாகத் திருப்பலாமா என்று கேட்டேன். முதல் நிறுத்தம் கடைசி நிறுத்தமாகும். பெரில் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் பால் கறக்கலாம். தூரம் ஒன்றுதான், டீசல் ஒன்றுதான்.

"அப்ப மற்ற முனையில இருக்கிறவன் என்ன செய்வான்?" என்றார் கொலின்.

"கேட்டிட்டன். அவர் தனி ஆள். மாடும் கொட்டிலுக்குப் பக்கத்திலதான். டேங்கர் நேரத்தோட வந்தால் தனக்குப் பேச்சுத்துணை எண்டு சொன்னவர்."

கொலின் பெருமூச்சு விட்டார். "கமிஷன் இன்னும் கலைக்கப்படேல்லையோ?" என்றார். ஆனால் சாரதியைக் கூப்பிட்டுச் சுற்றை மாற்றச் சொல்லிவிட்டார்.

அந்தக் கோடையில் நான் ஆறு மணிக்கு வீட்டுக்கு வரும்போது புவனா காருக்குள் தயாராக இருப்பார். பழகுபவர் என்று காட்டும் எல் போட் முன்னும் பின்னும் கட்டியிருக்கும். பென்டில் ஹில்லின் தெருக்களை வெளிச்சம் போகும்வரை சுற்றுவோம். டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு முன் லைசென்ஸ் கிடைத்தது. மேட்ரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். இத்தகைய கேள்வி வாக்குச் சீட்டில் வந்தால், பாதிக்கப்படுவோரைத் தேடிப் போய்க் கேளுங்கள். பிறகு உங்கள் வீட்டின் தேவையைக் கூச்சமின்றி எழுதுங்கள். தோற்றவருக்கு உங்களால் ஆகக்கூடியது ஏதேனும் இருந்தால், திங்கட்கிழமை வேலைத்தலத்தில் அதைச் செய்யுங்கள். எல்லா விளைவையும் முன்கூட்டியே எடைபோட்டுவிடலாம் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

பெப்ரவரிக் கடைசியில் புவனாவுக்கு அதிகாலை ஷிப்ட் வந்தது. மணிக்கூடு முன்னே தள்ளப்பட்டிருந்ததால், அவர் புறப்படும் நேரம் இன்னும் விடியவில்லை. மாலை வெளிச்சத்தைப் பற்றி அத்தனை பேரிடம் விசாரித்த நான், என் வீட்டுக் காலையைப் பற்றி விசாரிக்கவே இல்லை. நானே ஓட்டி வருகிறேன் என்று சொல்லச் செருப்புடன் வாசலுக்கு ஓடினேன்.

புவனா வெள்ளைச் சீருடையில் ஸ்டியரிங் முன்னால் இருந்தார். விளக்கைப் போட்டார். தெருவில் எதிரே ஒரு லொறி முழு விளக்குடன் வந்து கடந்து போனது. அவர் கண்ணை மூடவில்லை.

ஜன்னலை இறக்கி, "இஞ்சாருங்கோ, இந்த இருட்டுக்கு வோட் போட்டது நீங்கள். நான் இல்லை எண்டு போட்டனான்" என்றார். சிரித்துக்கொண்டே, "போயிட்டு வாறன்" என்று கியரைப் போட்டார்.