வாளிக்காரர்

ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாகத் தலையில் கவிழ்த்துவிட்டு, "இப்பச் சொல்லுங்க சார், நான் யாரு?" என்று கேட்பார் வாளிக்காரர். நாற்காலியில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருக்கும் பக்கத்துக் கம்பெனியின் கணக்கு மேலாளர், "அது கெடக்கட்டும், நான் யாரு?" என்பார்.

"இன்னும் தெளியல. இன்னொரு வாளி!"

விருந்துகளுக்கு வாடகைக்கு விடும் மண்டபத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். நான் அங்கே மைக் செட் போடுகிறவன். பதவி உயர்வோ, வழியனுப்பு விழாவோ, எதுவானாலும் சாப்பாட்டுப் பந்தி தொடங்குவதற்குள் யாராவது ஒருவர் குடித்துச் சரிந்துவிடுவார். அந்த நேரத்தில் வாளிக்காரர் முகத்தில் வருகிற களையைப் பார்க்க வேண்டுமே!

வாளி வெறும் தொடக்கம்தான். பிறகு கடுங்காப்பி. அப்புறம் உச்சந்தலையில் எலுமிச்சம்பழத் தேய்ப்பு. அதற்கும் மசியாத ஆளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, மண்டபத்தைச் சுற்றி நடத்துவார். "நடந்தா சரக்கு கால் வழியா எறங்கிடும்" என்பது அவர் கண்டுபிடிப்பு. எந்தக் கால் என்று ஒருமுறை கேட்டு வைத்தேன். "வலது கால்" என்றார், கொஞ்சம்கூட யோசிக்காமல்.

அவர் மனைவி, எனக்கு அக்கா மாதிரி, பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இதையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். "உள்ள போன சரக்க ஈரல்தாங்க கரைக்கும். அது தன் வேகத்துலதான் செய்யும், நீங்க வெரட்டினா ஓடாது. காப்பி குடுத்தா, தூங்குற குடிகாரன் முழிச்சிருக்குற குடிகாரன் ஆவான், அம்புட்டுதான்."

"பாவம், அது தனியாளு. யாராவது ஒத்தாச பண்ண வேணாமா?" என்பார் வாளிக்காரர். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிடுவார். பேசி என்ன ஆகப்போகிறது!

போன மாதம் ஒரு மதிய விருந்து. அக்காவின் தம்பிக்கு வேலை நிரந்தரமானதைச் சேக்காளிகள் கொண்டாடினார்கள். பந்தயம் வேறு. பயல் அரை பாட்டிலை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு சோபாவில் மல்லாந்தான். வாளிக்காரர் குஷியாக ஓடிவந்தார். "மாப்ள, மாமா வந்துட்டேன்டா!" ஒரு வாளி போயிற்று. பயல் அசையவில்லை. காப்பியைப் புகட்டினார், கடைவாயில் வழிந்தது.

எனக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. பாட்டை நிறுத்தினேன். அப்போதுதான் அவன் மூச்சு கேட்டது. ஒரு இழுப்பு, பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொன்று. உதடு நீலம் பாய்ந்திருந்தது. வாளிக்காரர் கையிலிருந்த எலுமிச்சம்பழம் கீழே உருண்டது. நான் அக்காவுக்குப் போன் போட்டேன்.

சீருடையோடு ஓடிவந்த அக்கா தம்பியைக் கிள்ளிப் பார்த்தார். "முழிக்க மாட்டேங்குறான். உடம்பு வேற ஜில்லுன்னு கெடக்கு, அதுல பச்சத்தண்ணியவும் கொட்டியிருக்கீங்களே! ஈரச் சட்டையக் கழட்டிட்டுப் போர்வையப் போர்த்துங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, மல்லாந்து வாந்தி எடுத்தா தொண்டைய அடைச்சிரும்."

"நான் என்ன பண்ணட்டும்?" என்றார் வாளிக்காரர்.

"அவனப் புடிச்சுக்கிட்டு மூச்சப் பாத்துக்கிட்டே இருங்க. வேற எதையும் பண்ணித் தொலைக்காதீங்க!"

எதையும் பண்ணாமல் இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் முதல்முறை. மச்சினனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வண்டி வரும்வரை சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். "இத எறக்க ஒரு ஊசிகூடவா கெடையாது, டாக்டர்?" என்று கெஞ்சினார் வாளிக்காரர். "தானா வெளியேறுற வரைக்கும் மூச்சு நிக்காமப் பாத்துக்கணும். அதான் வைத்தியம்" என்றார் டாக்டர். வாளிக்காரரின் கை மெதுவாகச் சட்டைப்பைக்குள் போயிற்று. இன்னொரு எலுமிச்சம்பழம்! அக்கா ஒரு பார்வை பார்த்தார். கை வெறுமையாகத் திரும்பி வந்தது.

மறுநாள் பயல் கண் விழித்துக் கேட்ட முதல் கேள்வி: "மாமா, பந்தயத்துல யாரு ஜெயிச்சா?" அக்கா அவனை அறையப் போய், அப்படியே கட்டிக்கொண்டார்.

நேற்று மண்டபத்தில் மறுபடியும் விருந்து. கணக்கு மேலாளர் வழக்கம்போலச் சரிந்தார். பழகிய ஆள் அல்லவா, வாளியைக் கண்டதும் கண்ணை இறுக மூடித் தலையை நீட்டினார். தெறிக்குமே என்று நாங்களும் விலகி நின்றோம். வாளிக்காரர் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். வெறும் வாளியைத் தரையில் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். குனிந்து மேலாளரின் மூக்கருகே காதை வைத்தபடி, பாட்டைக் குறைக்கச் சொல்லி எனக்குக் கைகாட்டினார்.