தட்டிக்கு அந்தப் பக்கம்

அண்டாவில் அகப்பையை அமிழ்த்திவிட்டு நிமிர்கிறார் பவுல்சாமி வாத்தியார். எதிரில் நிற்பவர் முகத்தைத் தூக்கும்வரை கஞ்சி வராது. வரிசை முணுமுணுக்கும், மனிதர் அசையமாட்டார். "பேர் இன்னாம்மா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே ஊற்றுவார். மறுநாள் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

மயிலாப்பூர்க் கடற்கரையோரம், மாதா கோயில் பள்ளியில் தமிழ் வாத்தியார். முழங்கை கிழிந்த கோட்டு, மடியில் பொடிமட்டை, பிடித்தால் உடும்புப்பிடி. ரங்கூனில் குண்டு விழுந்ததும் பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்களுக்குப் பள்ளிக் கொட்டகையில் கஞ்சி காய்ச்சுகிறார்கள். இவர் அகப்பையைப் பிடித்த நாளாய் அங்கே தகராறு ஓயவில்லை.

அரிசி கொடுத்த சீமாட்டிகள் தம் கையாலேயே ஊற்றிப் புண்ணியம் சேர்க்க வந்தார்கள். புண்ணையும் கந்தலையும் கண்டதும் கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று. பள்ளி மானேஜர் வால்டர் உடனே நடுவில் மூங்கில் தட்டி கட்டச் சொன்னார். அடியில் குவளை நீளும். யார் முகமும் யாருக்கும் தெரியாது. வாங்குகிறவர்களின் கூச்சத்துக்கு அதுதான் கருணை என்றும் விளக்கினார்.

வாத்தியாருக்கு வந்ததே கோபம்.

"கருணைக்குத் தமிழ்ல கண்ணோட்டம்னு ஒரு பேர் கீதுங்க. கண்ணு எதிராளிகிட்ட ஓடணும், அதான் அந்தச் சொல்லு பொறந்த கதை. கண்ணு ஓடாத எடத்துல கை மட்டும் ஓடி இன்னா பிரயோஜனம்?"

தட்டியைத் தொட்டால் பள்ளிக்கூடத்துப் பக்கமே வரவேண்டாம் என்றார் வால்டர்.

வீட்டில் மனைவி ஐவி, வேலை போனால் நாமும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று அழுதாள். "நின்னா இன்னா? ஊத்தறவன் மூஞ்சியப் பாத்துதான் வாங்குவேன்" என்று பொடியை உறிஞ்சினார்.

மறுநாள் காலை. வால்டர் வாசலிலேயே நின்றுகொண்டார். தட்டிக்கு அடியில் ஒரு குவளை நீண்டது. யாரென்று கேட்டார் வாத்தியார். "ஜமீலுன்னிசா" என்று அந்தப் பக்கமிருந்து மெல்லிய குரல் வந்தது.

அகப்பையைக் கீழே வைத்தார். தட்டியின் கட்டுகளை அவிழ்த்து, மூங்கில் பிளாச்சுகளை உருவினார். வால்டரைப் பார்த்துக்கொண்டே அவற்றை முழங்காலில் வைத்து ஒடித்து, அண்டாவுக்கு அடியில் எரிந்த அடுப்பில் ஒவ்வொன்றாகச் செருகினார்.

"சூடா கீது, ஜமீலுன்னிசாம்மா. நிமிந்து வாங்கிக்கோ" என்று அகப்பையை எடுத்தார்.