சந்தனம் வைத்த ரிக்கார்டு

துளசிராமனிடம் நாற்பத்திரண்டு ரிக்கார்டுகள் இருந்தன. மைக்செட் கட்டிப் பிழைத்த காலத்தில் சேர்த்தவை. இப்போது அவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பிக் கம்பெனிக்கு வாட்ச்மேன். நாற்பத்தொன்றில் உள்ள பாட்டெல்லாம் செல்போனிலேயே கிடைக்கிறது. மிச்சம் ஒன்று எங்கும் கிடைக்காது. பஜனைக் குழு ஒன்று எப்போதோ போட்ட தட்டு அது. அதில் அம்மன் பாட்டை எடுத்துக்கொடுத்துப் பாடுகிற பன்னிரண்டு வயதுப் பெண்தான் இன்று அவர் சம்சாரமான ஈஸ்வரி.

மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே அவள் சொன்னாள்: "இன்னாய்யா, பெட்டியில வச்சிக்கினே கீறே? பிளேயர்தான் பூட்ச்சி. தட்டும் போறதுக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்திக்கினு வாயேன். கெழவியானப்புறம் உன் கொறட்டையையா கேட்டுக்கினு இருப்பேன்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அம்மன் பாட்டாயிற்றே, உத்தரவில்லாமல் எப்படிக் கைவைப்பது? அடுத்து வந்த ஆடியில் பெரியபாளையத்து அம்மன் முன் சிவப்பும் வெள்ளையுமாய்ப் பூப்பொட்டலம் கட்டிப் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்லிக் கேட்டார். சிவப்பு வந்தால் சம்மதம். வெள்ளை வந்தது. அடுத்த வருஷமும் வெள்ளை. இந்த ஆடியில் சிவப்பு வந்தபோது, ஈஸ்வரிக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரலே போயிருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் லீவு கிடைத்தது. திருநின்றவூரில் பழைய ரிக்கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் கடைக்காரப் பையன் பரத் தட்டைச் சுழலவிட்டான். மணலை வறுக்கிற மாதிரி சத்தம். தட்டின் கோடுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான்.

"இன்னாங்க ஐயா, கோட்டுக்குள்ள மஞ்சளா அப்பிக்கினு கீது?"

"வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பேன், நைனா. மறுநாளு ஈரத்துணியால அழுத்தித் தொடச்சிடுவேன்."

"எல்லாத்துக்குமா?"

"மத்ததுக்கு அட்டை மேலதான். இது அம்மன் பாட்டு, ஊட்டுக்காரி பாடுனது. அதான் இதுக்கு மட்டும் தட்டு மேலயே..."

பரத் இரண்டு முறை கழுவிப் போட்டுப் பார்த்தான். அதே வறுவல்தான்.

"தொடச்சித் தொடச்சிக் கோடே அழிஞ்சிபோச்சிங்க. மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா கொஞ்சமாச்சும் தேறியிருக்கும். மத்ததெல்லாம் ஜோரா வரும், கொண்ணாந்தா ஏத்தித் தரட்டா?"

"வேணாம் நைனா."

பஸ் பெரியபாளையத்தைத் தாண்டியது. கோபுரத்தைப் பார்த்ததும் தானாகக் கும்பிடும் கை, அன்றைக்கு மடியிலிருந்த தட்டை விட்டு எழவில்லை. ரெண்டு தடவை வேண்டாம் என்ற அம்மன், மூன்றாம் தடவை மட்டும் எதற்காகச் சரி என்றாள்?

வீட்டில் ஈஸ்வரி காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். பாட்டு வந்ததா என்று கேட்கிறாள்.

"கடை பூட்டிக் கெடந்துச்சி," என்றார். அவளிடம் அவர் பொய் சொல்வதில்லை. அதனால் அவள் நம்பிவிட்டாள்.

மறுநாள் அரிவாள்மணை, சைக்கிள் எல்லாவற்றையும் அவளே கழுவிவைத்தாள். தட்டை உறையிலிருந்து எடுத்துச் சாமி படத்தின் முன் சாய்த்தாள். சந்தனக் கிண்ணத்தை அவரிடம் நீட்டினாள். அவர் அசையாமல் நிற்கவே, முறைத்து, அவர் விரலைப் பிடித்துத் தானே கிண்ணத்தில் தோய்த்தாள்.

இனி வைத்தால்தான் என்ன? துளசிராமன் வழக்கம்போல மூன்று இடத்தில் வைத்தார்.

ஈஸ்வரி கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். அந்தப் பாட்டின் முதல் அடிக்கு அவள் வாய் மட்டும் அசைந்தது.