மாலையில்லாமல் இறங்கிய மந்தை

காஸியன் ப்ரான்ட்னர் பெரிய புளுகன் என்பது லெர்ஷ்பெர்க் கிராமத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதற்காக அவனை யாரும் குறைவாக எடைபோட்டதில்லை. புளுகுவது அவன் தொழில். இன்ஸ்ப்ரூக் நகரத்துத் தங்கக் கூரையில் இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தேழு ஓடுகள் என்று புத்தகம் சொல்லும். காஸியன் சொன்னால், ஒரு பனிக்காலம் முழுக்க எதிர்க்கடை வாசலில் நின்று அவனே விரல்விட்டு எண்ணியதாக ஆகிவிடும். பழைய பேரரசர் வேட்டைக்கு வந்து பாறையில் சிக்கிக்கொண்டபோது மேலிருந்து கயிறு விட்டவன் காஸியனின் முப்பாட்டன். கேட்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். கேட்டு முடித்ததும் கை தட்டுவார்கள். அப்படிக் கை தட்ட வைக்க எத்தனை பேருக்கு வரும்?

பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டான். அன்றைக்கு அவனைவிட வாத்தியாருக்குத்தான் நிம்மதி. பால் கேன்களோடு நகரத்துக்கு இறங்கியவன், ஆற்றோரச் சத்திரம் ஒன்றில் தட்டு கழுவினான். தட்டு கழுவிக்கொண்டே, சாப்பிட வந்தவர்களின் வாயிலிருந்து ஐந்து பாஷை பிடித்தான். தபால் இலாகா கழித்துப் போட்ட பழைய பஸ் ஒன்றை வாங்கி, தானே பழுது பார்த்து, தானே மஞ்சள் வண்ணம் அடித்து, ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றித் தானே ஓட்டினான். காலையில் நகரம், மதியம் சுற்றுக் கிராமங்கள், சாயங்காலம் மலை. இன்றைக்கு மூன்று பஸ். அறுபத்தொன்பது வயதில் அவன் மலையேறும் வேகத்துக்கு முப்பது வயதுக்காரர்கள் மூச்சு வாங்குவார்கள். இவ்வளவையும் சொந்தக் கையால் செய்தவன் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தால் தப்பில்லை.

ஆனால் ஆயிரம் புளுகு சொன்ன வாய் ஒரே ஒரு பொய் சொன்னது. அந்த ஒன்றுதான் அவனைத் தின்றது.

ஆகஸ்ட் மாதம், மாதாவின் விண்ணேற்புத் திருநாள் நெருங்கிய சமயம். முப்பத்தெட்டு சுற்றுலாப் பயணிகளை ஊருக்கு மேலே உள்ள கோடை மேய்ச்சலுக்குக் கூட்டிப் போயிருந்தான். அங்கே வடக்கு விளிம்பில் ஒரு முகடு இருக்கிறது. அதில் நின்றால் கீழே நகரம் உள்ளங்கையில் வைத்த மாதிரி தெரியும். ஆறு, பாலம், பச்சைக் கோபுரங்கள் எல்லாம். முகட்டுக்கு அந்தப் பக்கம் செங்குத்துப் பாறை. அதனால் முகட்டுக்கு முன்னாலேயே வேலி போட்டு ஒரு மரக்கதவும் வைத்திருக்கிறார்கள். மலையில் கதவுக்குச் சட்டம் ஒன்றுதான்: கடைசியாக வருகிறவன் கொக்கியை மாட்ட வேண்டும். நடக்கப் பழகும்போதே பிள்ளைகளுக்கு இதையும் பழக்கிவிடுவோம்.

காஸியன் கைத்தடியைக் குறுக்கே கொடுத்துக் கதவைத் திறந்து நிறுத்தி, எல்லோரையும் முகட்டுக்கு விட்டான். திரும்பும்போது மழை மூட்டம். அவனோ முப்பாட்டன் கயிறு விட்ட கட்டத்தில் இருந்தான். கதையை நடுவில் நிறுத்த மனமில்லை. தடியை உருவிக்கொண்டு, கதவைப் பின்னங்கையால் தள்ளிவிட்டு நடந்தான். கொக்கி விழுகிற 'டக்' சத்தம் காதில் விழவில்லை. விழவில்லை என்பது பஸ் ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. மழை கொட்டியது. மேலே நொட்புர்கா இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டான்.

நொட்புர்காதான் அந்த மேய்ச்சலின் மந்தைக்காரி. எல்லோருக்கும் புர்கி. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊர் மாடுகள் அறுபத்திரண்டும் அவள் பொறுப்பு. இருபத்தாறு கோடை மேய்த்ததில் ஒரு கன்றுகூடத் தவறியதில்லை. அன்றைக்கு மதியம் அவள் தொழுவத்தில் ஒரு நோய்க் கன்றோடு இருந்தாள். காஸியனின் ஆட்கள் முகட்டுக்குப் போனதை அவள் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை பாறைக்குக் கீழே ஊர் விவசாயி செராபினின் சாம்பல் பசு ஸிட்டா கிடந்தது. செராபினின் தொழுவத்திலேயே நல்ல கறவை. சேதி கேட்டு ஊரிலிருந்து பத்துப் பேர் ஏறினார்கள். காஸியனும் ஏறினான்.

"கதவு திறந்து கெடக்குது," என்றாள் புர்கி. முகம் வெளுத்திருந்தது. "நேத்து காலைல உப்பு வைக்க அந்தப் பக்கம் போனேன். கொக்கி மாட்டினேன்னுதான் நெனைக்கிறேன். ஏன் காஸி, உன் ஆளுங்க நேத்து முகட்டுக்குப் போனாங்களா?"

பத்துப் பேரும் அவனைப் பார்த்தார்கள். அந்த வசந்தத்தில்தான் மேய்ச்சல் சங்கக் கூட்டத்தில், வெளியாட்களை முகட்டுக்கு விடக்கூடாது என்று பாதிப் பேர் சொன்னார்கள். மேசையைத் தட்டி, "என் ஆளுங்களால ஒரு புல்லு மடங்கினா இந்த மீசைய எடுத்துடறேன்," என்று அவன்தான் வாயை அடைத்தான்.

"போகவே இல்லியே," என்றான் காஸியன். "மழை வரும்னு தெரிஞ்சுது. உன் குடிசையோட திரும்பிட்டோம்."

அவ்வளவுதான். மூன்று வாக்கியத்தில் ஒரு வேலை முடிந்துவிட்டது. புர்கி தலையைக் குனிந்து, "அப்ப நான்தான்," என்றாள். செராபின் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, "பரவால்ல புர்கி, யாருக்கும் நடக்கறதுதான்," என்றான். பரவாயில்லை என்று சொல்கிற குரலா அது?

அதற்குப் பிறகு காஸியன் பாலாடைக்கட்டி உருண்டையை வாயில் வைத்தால் மண் மாதிரி இருந்தது. பஸ்ஸில் தங்கக் கூரை ஓடுகளை எண்ணிய கதையைச் சொல்லும்போது நடுவில் எண்ணை மறந்தான். பஸ் ஓட்டுகிற மகள் ரெகினா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஓட்டுல நாலஞ்சு காணாமப் போச்சு போல," என்றாள். அவன் சிரிக்கவில்லை.

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை மாடு இறங்கும் நாள். கோடை நல்லபடியாக முடிந்தால், மாடுகளுக்குத் தலையில் பூங்கிரீடம், நெற்றியில் கண்ணாடி, கழுத்தில் பெரிய மணி. ஊரே வாசலில் நிற்கும். கோடையில் ஒரு மாடு தவறினாலும் பூ கிடையாது. மணிக்குள் வைக்கோலைத் திணித்து நாக்கை அடைத்து, சத்தமில்லாமல் மந்தையை இறக்குவார்கள். பார்க்கிற யாருக்கும் விஷயம் புரிந்துவிடும். அந்தக் கோடையில் மந்தைக்காரிக்கு என்ன ஆயிற்று என்று யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு வாரம் முன்னால் காஸியன் மலையேறினான். உண்மையைச் சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடுதான் ஏறினான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். ஐந்து பாஷை பிடித்த நாக்குக்கு ஒரு வாக்கியம் பிடிபடவில்லை.

புர்கி குடிசை வாசலில் மணிகளை வரிசையாக வைத்து வைக்கோல் அடைத்துக்கொண்டிருந்தாள். பத்து விரலிலும் வெடிப்பு.

"வாய்யா புளுகா. இன்னைக்கு யாரையும் கூட்டிட்டு வரலியா?"

"தனியாத்தான் வந்தேன்."

"தனியா வந்தா யாருகிட்ட புளுகுவ? ஒக்காரு. மோர் இருக்கு."

உட்கார்ந்தான். மோரைக் குடித்தான். வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"பூ வெக்கலாமே புர்கி. ஒரு மாடுதானே. நாப்பத்தியொரு பேரு பாக்க வர்றாங்க, நார்வேலேர்ந்துகூட. அவங்களுக்கு நம்ம வழக்கம் என்ன தெரியப்போகுது?"

புர்கி நிமிர்ந்து பார்த்தாள். "அவங்களுக்குத் தெரியாது. மாட்டுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். உனக்குந்தானே காஸி தெரியும்?"

அந்தக் கடைசிக் கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. அவன்தான் காலி மோர்க் குவளையைத் திரும்பவும் வாய்க்குக் கொண்டுபோனான்.

"சங்கத்துல சொல்லிட்டேன்," என்றாள் அவள், அடுத்த மணியை எடுத்துக்கொண்டு. "அடுத்த கோடை நான் வரல. கொக்கி மாட்டினேனா இல்லியான்னே நெனைவில்லாதவகிட்ட அறுபது மாட்டை எப்படி விடறது? வயசாயிடுச்சுன்னு அர்த்தம். தெனம் கண்ணை மூடி அந்தக் கதவைப் பாக்கறேன். ஒரு நாள் மாட்டின மாதிரி தெரியுது. ஒரு நாள் மாட்டாத மாதிரி."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம். காஸியன் எழுந்து, "மோர் நல்லா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு இறங்கினான். இறங்கும் வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து தன் மண்டையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டான். பத்து வயதுக்குப் பிறகு அவன் குட்டு வாங்கியது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை வெயில் பளிச்சென்று அடித்தது. மாதா கோயில் சுவர் ஓரமாக நாற்பத்தொரு பேர் கேமராவோடு நின்றார்கள். ஊர்க்காரர்கள் எதிர்ப்பக்கம். எப்போதும் மணிச்சத்தம் கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிடும். அன்றைக்கு முதலில் வந்தது குளம்புச் சத்தம்தான். பிறகு மாடுகள். கொம்பு கொம்பாக, வெறுந்தலையோடு. முன்னால் புர்கி, கறுப்பு ரிப்பன் கட்டிய தொப்பியைப் புருவம் வரை இறக்கி, யாரையும் பார்க்காமல் வந்தாள். எதிர்ப்பக்கத்து ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

நார்வேயிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியாரம்மா காஸியனின் கையைத் தொட்டாள். "பூ எங்கே? படத்தில் பூ இருந்ததே?"

காஸியன் வழக்கத்தை விளக்கினான். அழகாகத்தான் விளக்கினான். தொழில் அல்லவா. வைக்கோல், கறுப்பு ரிப்பன், மரியாதை. எல்லோரும் நெருங்கி வந்து கேட்டார்கள்.

"பாவம்," என்றாள் வாத்தியாரம்மா. புர்கியைக் காட்டி, "இவர் கவனிக்காமல் விட்டுவிட்டாரா?" என்றாள்.

புர்கி பத்தடி தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். தலையாட்டக்கூட வேண்டாம், பேசாமல் இருந்தால் போதும்.

"இல்லை," என்றான் காஸியன். அவர்கள் பாஷையில் தொடங்கியவன் ஊர்ப் பேச்சுக்கு மாறினான். குரல் எதிர்ச்சுவர் வரை போயிற்று. "நான்தான். கதவைத் திறந்தவன் நான். கொக்கிய மாட்டாம வந்தவனும் நான். போகவே இல்லன்னு சொன்னது பொய். அவ மாட்டினா. அவ சரியாத்தான் மாட்டினா."

ஊர் அப்படியே நின்றது. மாடுகள் மட்டும் நடந்தன.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. நாற்பத்தொரு பேருக்கும் ஊர்ப் பேச்சு புரியவில்லை. காஸியனின் முகத்தைப் பார்த்தார்கள், குரலைக் கேட்டார்கள். கதை உச்சத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள்.

புர்கி நின்றாள். தொப்பியை மேலே தள்ளி, முதலில் கை தட்டுகிறவர்களைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். ஐம்பது வருடமாக 'நீ', 'வா', 'போ' என்று பேசியவள்.

"நல்லா சொன்னீங்க," என்றாள். "பாருங்க, கை தட்டறாங்க."

"புர்கி..."

"வழிய விடுங்க. மாடு தண்ணி குடிக்கணும்."

மந்தை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பியது. செராபின் தெருவைக் கடந்து வந்தான். அடிப்பான் என்று காஸியன் நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாடு போச்சு, சரி," என்றான் செராபின். "ஆனா அஞ்சு வாரம் நான் அவ மொகத்தப் பாத்து ஒரு வணக்கம் சொல்லலடா. தெருவுல பாத்தா அந்தப் பக்கம் போயிட்டேன். அத யாருகிட்டப் போயி கேப்பேன்?"

காஸியன் ரெகினாவிடம் பஸ்ஸை ஒப்படைத்து ஆட்களை நகரத்துக்கு அனுப்பிவிட்டு, ஊர்ச் சத்திரத்தில் சங்கத்துக்காரர்கள் உட்காரும் மேசைக்குப் போனான். தலைவர் வால்டுனர் கோப்பையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"மீசைய எப்ப எடுக்கற?"

"இப்பவே எடுக்கறேன். புர்கிய அடுத்த கோடைக்கு வரச் சொல்லுங்க."

"அவ எழுதிக் குடுத்துட்டா. போன செவ்வாக்கிழமை பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரன் ஒருத்தனுக்குக் கையடிச்சுக் குடுத்தாச்சு. வாக்கை மாத்த முடியாது. ஒரு வாரம் முன்னால நீ வாயத் தொறந்திருந்தா பேச்சே வேற."

ஒரு வாரம் முன்னால் அவன் மோர் குடித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப எழுதியாவது மாட்டறேன்," என்றான் காஸியன். "வாயால சொன்னா எனக்குக் கை தட்டறாங்க."

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவன் முழுசாக ஒரு தாள் எழுதியதில்லை. கடிதம், விளம்பரம் எல்லாம் ரெகினாதான். அன்றைக்கு அவளைக் கேட்கவில்லை. சத்திர மேசையிலேயே உட்கார்ந்து, மூன்று தாளைக் கிழித்துப் போட்டு, நாலாவதில் கோணல் எழுத்தில் எழுதினான்: 'ஆகஸ்ட் பதினாலாம் தேதி வடக்கு முகட்டுக் கதவைத் திறந்து விட்டது நான். பொய் சொன்னது நான். நொட்புர்கா மீது குற்றமில்லை. காஸியன் ப்ரான்ட்னர்.' ஊர்ப் பால் எடுக்கும் கொட்டகையின் அறிவிப்புப் பலகையில் அதை நாலு ஆணியடித்து மாட்டினான். காலையும் மாலையும் ஊரே வந்து போகிற இடம்.

மீசையில்லாத முகத்தோடு அவன் தெருவில் நடந்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். முகட்டுக்கு ஆட்களைக் கூட்டிப் போகக்கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டது. அவன்தான் முதலில் கை தூக்கினான். இதெல்லாம் சுலபமாக இருந்தது. புர்கியின் வீட்டு வாசலைக் கடக்கும்போதுதான் கால் இழுத்தது. இரண்டு முறை கதவைத் தட்டினான். உள்ளே அடுப்பு எரிகிற சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. அவளைக் குறை சொல்ல முடியுமா?

நவம்பரில் முதல் பனி விழுந்த காலை, தன் வீட்டுப் பால் கேனோடு கொட்டகைக்குப் போனான். தாள் அங்கேயே இருந்தது, ஓரம் ஈரத்தில் சுருண்டிருந்தது. புர்கியும் தன் இரண்டு பசுக்களின் பாலை அங்கேதான் கொண்டுவருகிறாள் என்பதால், தினமும் அந்தத் தாளில் ஏதாவது தெரிகிறதா என்று அவன் பார்ப்பது வழக்கமாகியிருந்தது. அன்றைக்குத் தெரிந்தது. 'பதினாலாம்' என்ற சொல்லை யாரோ பென்சிலால் ஒரு கோடு அடித்து, மேலே சிறிய உறுதியான எழுத்தில் 'பதிமூன்றாம்' என்று திருத்தியிருந்தார்கள்.

காஸியன் மனதுக்குள் நாட்களை எண்ணிப் பார்த்தான். பதிமூன்றுதான். அவனுக்குத் தேதிகூடத் தப்பிப்போயிருந்தது. அவளுக்குத் தப்பவில்லை.

பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். "என்ன காஸி, படிக்க வரலியா?"

"வருது," என்றான் காஸியன். "இப்பத்தான் வருது." கேனைத் தூக்கித் தராசில் வைத்தான்.