அவள் பாடத்துக்கு நான் படுத்தது

வயிறு எரிந்தது என்று சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. எண்பதுகளில் டெல்லி அரசாங்க டிஸ்பென்சரி ஒன்றில், பெண்கள் பிரிவில் நான் சீனியர் நர்ஸ். வேலையை விடாமல் தபாலிலேயே படிக்கிற மாதிரி பெண்கள் நலப் படிப்பு ஒன்று வந்தது. எங்களுக்கு ஒரே ஒரு இடம். முடித்தால் பிரிவின் பொறுப்பே கைக்கு வரும். எனக்குத்தான் என்று நாங்கள் குடியிருந்த மோதி பாக் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். பெரிய டாக்டரம்மா அதை நேற்று வந்த நாகர்கோவில்காரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவளுக்கு இங்கிலீஷ் அச்சாவாக வருமாம். என் இங்கிலீஷுக்கு என்ன குறைச்சலாம்?

மாதாமாதம் அவளுக்குப் பாடம் வரும். டிபன் டப்பாவுக்குப் பக்கத்திலேயே விரித்துவைத்துப் படிப்பாள். "அக்கா, இது என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்பாள். "அதெல்லாம் இங்கிலீஷ் தெரிஞ்சவங்க சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டு மோர்சாதத்தை அள்ளிப் போட்டுக்கொள்வேன்.

ஒரு பாடத்தில் மார்பகப் பரிசோதனை வந்தது. யாராவது ஒரு பெண்ணுக்குச் செய்துபார்த்து எழுதி அனுப்பவேண்டும். ஆயா உள்பட எல்லாரும் நழுவினார்கள். நான் ஒத்துக்கொண்டேன். நல்ல மனசு என்று நினைக்கவேண்டாம். தப்புத் தப்பாகச் செய்வாள், நாலு பேர் முன்னால் சொல்லிக்காட்டலாம் என்ற ஆசைதான்.

திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன். "கை ஜில்லுன்னு இருக்கே, தேய்ச்சுட்டு வைக்கக் கூடாதா?" என்று ஆரம்பித்தேன். தேய்த்துக்கொண்டாள். பிறகு விரல்நுனியால் வட்டம் வட்டமாக, அவசரமே இல்லாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். குறை சொல்ல ஒன்றுமே அகப்படவில்லை. அக்குள் பக்கம் வந்ததும் விரல் நின்றது. விலகிப் போய், மறுபடி அங்கேயே வந்தது.

"அக்கா, நீங்களே இங்க கை வச்சுப் பாருங்க."

வைத்தேன். பட்டாணி அளவில் ஒரு கட்டி. எத்தனையோ பெண்களைத் தொட்டுப் பார்த்த கை, என் உடம்பை ஒருநாளும் பார்த்ததில்லை. அது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பயத்திலும், பாவி மனசு, 'இதையும் இவளா கண்டுபிடிக்கணும்?' என்றுதான் கேட்டது.

கேன்சர்தான். ஆரம்பத்திலேயே தெரிந்ததால் ஒரு மார்பை எடுத்ததோடு உயிர் பிழைத்தேன். லீவு போட்டு ஆஸ்பத்திரியில் என்கூட இருந்தவளும் அவள்தான்.

தையல் பிரித்த அன்று அவள் முகத்தில் ஏதோ ஒளிந்திருந்தது. அதட்டிக் கேட்டதும் சொன்னாள். என்னைப் பரிசோதித்து எழுதின பாடத்துக்கு அவளுக்குத்தான் முதல் இடமாம். சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"வலி எனக்கு, மார்க் உனக்கா? அடுத்த வருஷம் அந்த சீட் எனக்கு. அப்ளிகேஷன் வாங்கிட்டு வா, ஜல்தி!" என்றேன்.

அழுகையோடேயே சிரித்துவிட்டாள். நான் ஒன்றும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.