கம்ப்யூட்டரில் நிறைந்த மூலை

உருகிய பிளாஸ்டிக், மோல்டு என்கிற அச்சுக்குள் எப்படி ஓடும் என்று, மோல்டு செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது என் தொழில். சரியாக வந்தால் மோல்டு செய்தவரின் கைராசி, தப்பாக வந்தால் என் கணக்கு. இப்படிப்பட்ட வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

கலர் படம்

கரமனையில் என் வீட்டு மாடிதான் ஆபீஸ். நகருக்கு வெளியே பிளாஸ்டிக் தொழிற்சாலை வைத்திருக்கும் தாணு அண்ணாச்சி, நாஞ்சில் நாட்டுக்காரர், முதல் ரிப்போர்ட்டை வாங்க நேரில் வந்தார். மோல்டில் கடைசியாக நிறையும் இடங்களைப் படத்தில் சிவப்பாகக் காட்டியிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“சாரே, அந்தச் சிவப்பை மட்டும் கொஞ்சம் குறைச்சுத் தாருங்க. கஸ்டமருக்குக் காட்டணும்லா?”

குற்றவாளி கிடைத்தார்

அடுத்து, தெருமுனை மின்பெட்டிக்கான கதவு. இதில் பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்துவதில்லை. பிசின் ஷீட்டைச் சூடான மோல்டில் கையால் வைத்து, பிரஸ் இயந்திரத்தால் அழுத்தினால் அது பரவி நிறையும். என் கணக்கில் நான்கு மூலையும் அழகாக நிறைந்தன. தொழிற்சாலையில் ஒரு மூலை மட்டும் ஓட்டையாகவே வந்தது. அண்ணாச்சி போனில் கத்தினார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. “ஷீட்டை நடுவில் வைத்தால் நிறையும். ரிப்போர்ட்டைப் படியுங்கள்” என்றேன். அண்ணாச்சி உடனே முடிவெடுத்தார்.

“அப்போ ஷீட்டு வைக்கிற செல்விதான் குத்தவாளி. நாளையிலேருந்து வராண்டாம்னு சொல்லிருதேன்.”

பிரஸ்ஸுக்கு முன்னால்

செல்வியை நான் பார்த்ததுகூட இல்லை. என் வீராப்பு ஒருவர் வேலைக்கு உலை வைத்துவிட்டது. அண்ணாச்சியை ஒருநாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தொழிற்சாலைக்குப் போனேன்.

செல்வி போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, மலையடிவாரத்து விதுராவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். பிரஸ்ஸின் தூண் மறைப்பதால் இடப்பக்கமாக நின்று, ஷீட்டைத் தன் பக்கம் ஒரு சாண் தள்ளியே வைத்தார். ஏன் என்று கேட்டேன். கை உறையை உருவிக் காட்டினார். முழங்கைவரை வரிவரியாகச் சூட்டுத் தழும்பு.

“நடுவுல வைக்கணும்னா சாயணும் சாரே, சாஞ்சா இப்படிப் பொள்ளும். உங்க கம்ப்யூட்டர்ல யாரு ஷீட்டு வைக்கிறது?”

திருத்திய ரிப்போர்ட்

யாரும் வைப்பதில்லை, நான் ஒரு பட்டனைத் தட்டினால் அது நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, செல்வி வைக்கிற இடத்தில் ஷீட்டை வைத்துக் கணக்கை ஓட்டினேன். அதே மூலை காலி. வெட்கமாக இருந்தது. தப்பு என்னுடையது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன், இனி இந்தப் பக்கம் வேலை வராது என்று நினைத்துக்கொண்டே. அவர் செல்வியைக் கூப்பிட்டார். மூவருமாக நீளக் கைப்பிடி வைத்த ஒரு தகரத் தட்டு செய்தோம். ஷீட்டைத் தட்டில் வைத்து உள்ளே நீட்டிச் சரித்தால் நடுவில் விழும். அன்று மாலை வந்த கதவுகளில் நாலு மூலையும் இருந்தன. தட்டின் அளவைக் குறித்துக்கொண்டு, இதையும் கம்ப்யூட்டரில் ஒருமுறை சரிபார்க்கிறேன் என்றேன். அண்ணாச்சி தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“வேண்டாம் சாரே. செல்வி சரின்னு சொல்லியாச்சு.”

இப்போதெல்லாம் எந்த வேலை வந்தாலும் முதலில் பஸ் ஏறிப் போய், பிரஸ்ஸின் முன் நிற்பவரின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று அளந்துகொள்கிறேன். அதை எழுத மட்டும் லட்ச ரூபாய் மென்பொருளில் ஒரு கட்டமும் இல்லை.