ஒன்பது லாட்டில் விழுந்த உப்பு

தீனதயாளனைப் பயந்தாங்கொள்ளி என்று முகத்துக்கு நேராகச் சொன்னாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கே அது தெரியும். லிஃப்டில் ஏற மாட்டார். பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார மாட்டார். போலீஸ்காரர் எதிரே வந்தால், செய்யாத தப்பை நினைத்துக்கொண்டு சட்டைப் பித்தானைச் சரிபார்ப்பார். ஆனால் சேவூர் ரோட்டிலிருக்கும் அந்தச் சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக லேப் இன்சார்ஜாக நிலைத்திருப்பதற்கும் அந்தப் பயம்தான் காரணம். மற்றவர்கள் ஒருமுறை பார்க்கிற அளவை அவர் மூன்று முறை பார்ப்பார். பார்த்த பிறகும் சந்தேகப்படுவார். தைரியசாலிகள் கெடுத்த துணியைத் திருப்பூர் நிறையவே பார்த்துவிட்டது. அதனால் இப்படி ஒரு ஆள் எந்தப் பட்டறைக்கும் தேவைதான்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு சோதனையில் இறங்கினார். பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்பு வேண்டும், அதுவும் மூட்டை மூட்டையாக. சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும்போது அந்த உப்பு, உப்புத்தண்ணீராகத் திரும்பக் கிடைக்கிறது. அதோடு புது உப்பையும் சேர்த்துப் போடுவதுதான் பட்டறை வழக்கம். புது உப்பே போடாமல், திரும்பக் கிடைத்த தண்ணீரை மட்டும் வைத்துச் சாயம் ஏற்ற முடியுமா என்று தீனதயாளன் பார்த்தார். ஒரே தடவையில் மெஷினில் போட்டுச் சாயமேற்றுகிற துணி ஒரு லாட். ஆறு மாதத்தில் இருபத்துநான்கு லாட். ஒவ்வொரு லாட்டுக்கும் பேட்ச் கார்டு என்று ஓர் அட்டை உண்டு. என்ன சாயம், எவ்வளவு தண்ணீர், எத்தனை டிகிரி சூடு என்பதெல்லாம் அதில் ஏறும். இருபத்துநான்கு கார்டிலும் புது உப்புக்கு நேராகப் பூஜ்யம். இருபத்துநான்கு துணியும் நிறம் சரியாக வந்து பாஸாகியிருந்தன.

முதலாளி சதீஷ்குமாருக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவிடமிருந்து பட்டறையை வாங்கி நான்கு வருஷம்தான் ஆகிறது. ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டுமென்று துடித்துக்கொண்டிருந்தவர். சோதனையின் சுருக்கத்தை, மாலத்தீவில் ஒரு குட்டித்தீவு ரிசார்ட்டில் நடக்கவிருந்த அறிவியல் மாநாட்டுக்கு அனுப்பிவைத்தார். ஏற்றுக்கொண்டோம், வந்து பேசுங்கள் என்று பதில் வந்துவிட்டது.

"தீனா சார், நீங்கதானுங்க பேசோணும்."

"நானுங்களா? நீங்களே பேசிருங்க சார். எழுதி வேணா குடுத்தர்றேன்."

"எவனாச்சும் கேள்வி கேட்டா நான் திருதிருன்னு முழிக்கறதுங்களா? ஏற்பாடெல்லாம் நீங்களே பாத்துக்கங்க. எனக்கொரு டிக்கெட், உங்களுக்கொரு டிக்கெட்."

இப்படியாக, பஸ்ஸில் முன்சீட்டுக்கே பயப்படுகிறவர் கடல்தாண்டிப் போகும் ஏற்பாட்டுக்குப் பொறுப்பாளரானார். நாற்பத்தொன்பது வயதில் முதல் பாஸ்போர்ட். விசாரணைக்கு வந்த போலீஸ்காரருக்குக் காபி கொடுத்தபோது டம்ளர் ஆடி பாதி தரையில் சிந்தியது. போனில் அந்தத் தீவைத் தேடினார். திரை முழுக்க நீலம், நடுவில் ஒரு புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தார். நீலம்தான் பெரிதானதே தவிர, புள்ளி அப்படியொன்றும் பெரிதாகவில்லை. விமான நிலையத்திலிருந்து விசைப்படகில் நாற்பது நிமிஷமாம். தீனதயாளனுக்கு நீச்சல் தெரியாது. படகில் எத்தனை மிதவைச் சட்டைகள் இருக்கும், அந்த மாதத்தில் அலை எவ்வளவு உயரம் எழும், தீவு கடலைவிட எத்தனை அடி மேலே இருக்கிறது என்று மாநாட்டுக்காரர்களுக்கு மெயில் மேல் மெயில் போட்டார். பாவம், அவர்களும் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் எழுதினார்கள்.

"ஏனுங்க, அலை எத்தனை அடின்னு நாலு மெயில் போட்டீங்க. அங்க சோத்துக்கு என்னன்னு ஒரு மெயில் போட்டீங்களா?" என்றாள் அவர் மனைவி அமராவதி. "நடுவுல கிருத்திகை வேற வருது. மீனைக் கொண்டாந்து வெச்சா என்ன பண்ணுவீங்க?"

அந்தப் பயம் அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை. அதையும் சேர்த்துக்கொண்டார்.

இத்தனை பயத்துக்கு நடுவில் அவர் பயப்படாத ஒரே விஷயம் அந்த இருபத்துநான்கு. மற்றதெல்லாம் தலைகீழாகப் போனாலும் அந்த எண் தன்னைத் தாங்கிக்கொள்ளும் என்று நம்பியிருந்தார்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை மதியம், பட்டறைக் கேன்டீனில் ஒத்திகை. பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். பாதிப் பேருக்கு அவருடைய ஆங்கிலம் புரியவில்லை. அதனாலேயே பலமாகக் கைதட்டினார்கள். கடைசியில் சுவரோரமாக நின்றிருந்த டையிங் மாஸ்டர் முருகவேல் மட்டும் தட்டவில்லை. சாய மெஷின்களெல்லாம் அவர் கைப்பாகத்தில்தான் ஓடுகின்றன. எல்லோரும் கலைந்த பிறகு லேபுக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"சார், ஒரு வார்த்தைங்க. இருவத்திநாலு லாட்டுங்கறீங்களே... அதுல ஒம்பதுல நான் உப்புப் போட்டுட்டனுங்க."

தீனதயாளனுக்கு முதலில் காதில் ஏறவில்லை. "கார்டுல இல்லீங்களே மாஸ்டர்."

"அடிஷன் என்னைக்குங்க சார் கார்டுல ஏறியிருக்குது?"

உண்மைதான். நிறம் குறைந்தால் மேற்கொண்டு கொஞ்சம் சாயமோ உப்போ சேர்த்துச் சரிக்கட்டுவதற்கு அடிஷன் என்று பேர். அது கார்டில் ஏறினால் முதலாளி ஏன், எதற்கு என்று கேட்பார். அதனால் மாஸ்டர்கள் அதைச் சட்டைப்பையிலிருக்கும் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார்களே ஒழிய, கார்டில் ஏற்ற மாட்டார்கள். சாயப்பட்டறையில் கால்வைத்த மூன்றாம் நாளே தெரிந்துபோகிற சங்கதி இது. தீனதயாளனுக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். எனக்கு இந்த மனுஷன்மேல் ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். எதையும் மூன்று முறை பார்க்கிறவர், மாஸ்டரை ஒரே ஒரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கார்டு சொன்னது அவர் ஆசைப்பட்டதாக இருந்தது, அவ்வளவுதான்.

"வெளிர் கலரெல்லாம் சுத்தமா வந்துச்சுங்க. கருநீலம், கருப்பு, மெரூன்... அதுகதான் வெளுத்துப் போச்சு. கப்பல் தேதி கழுத்துக்கு மேல நிக்குது. சோதனை உங்குளுது சார், துணி அதை வாங்கற பையரோடதுங்க. உங்களைக் கேட்டா வேண்டாம்பீங்க. நான் என்ன பண்றதுங்க?" முருகவேல் நோட்டை எடுத்து ஒன்பது லாட் நம்பரையும் காட்டினார். காட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்டச் சொல்லாம இருக்க மனசு வல்லீங்க. என் பேரு மட்டும் வெளிய வேண்டாமுங்க சார். ரெண்டு புள்ளைகளும் காலேஜுல படிக்குதுக."

தீனதயாளன் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். ஒன்பதைக் கழித்தால் பதினைந்து. அந்தப் பதினைந்தும் வெளிர் நிறங்கள். பேச்சுக்கான படங்களை இரண்டு விதமாகச் செய்து பென்டிரைவில் போட்டுக்கொண்டார். ஒன்றுக்கு 24 என்று பேர், இன்னொன்றுக்கு 15. எதைத் திறக்கப்போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை காரில் கொச்சிக்குப் போகும்போது சதீஷ்குமாரிடம் சொல்லிவிட வேண்டுமென்று மூன்று முறை வாயைத் திறந்தார். மூன்று முறையும் சதீஷ்குமார் போனில் யாரிடமாவது, "புது உப்பே கெடையாதுங்க. நம்ம லேப் இன்சார்ஜ் பேசறாரு பாருங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். தீனதயாளன் வாயை மூடிக்கொண்டார். சொன்னால் முதல் கேள்வி யார் போட்டது என்பதாக இருக்கும். அதற்கு இருக்கிற பதிலைச் சொல்லக் கூடாது.

விமானத்தில் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்தவர் தண்டாயுதபாணி. வெள்ளகோவில் பக்கத்துக்காரர், பெருந்துறைக்கு அருகே சின்னதாகச் சாயப்பட்டறை வைத்திருக்கிறவர். சொந்தக் காசு போட்டு மாநாட்டுக்கு வருகிறார். இன்னார் என்று தெரிந்ததும் தீனதயாளனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க சுருக்கத்தைப் படிச்சுட்டுப் பேச்சைக் கேக்கத்தானுங்க வர்றேன். கருநீலத்துல பெரிய ஆர்டர் ஒண்ணு வந்திருக்குது. நீங்க புது உப்பில்லாமப் போடலாம்னு சொன்னா, ஊருக்குப் போன உடனே அப்படியே போட்டுருவனுங்க."

"முதல்ல சின்னதா ஒரு சாம்பிள் போட்டுப் பாத்துக்கறதுதானுங்களே," என்றார் தீனதயாளன்.

"எங்களுக்கெங்கீங்க அத்தனை நேரம்? நீங்க இருவத்திநாலு போட்டுப் பாத்துட்டீங்களே."

விமானம் எப்போது எழும்பியது, எப்போது இறங்கியது என்று தீனதயாளனைக் கேட்டால் தெரியாது. விசைப்படகும் அப்படித்தான். இரண்டு மாதமாக எதை நினைத்து நடுங்கினாரோ அந்தக் கடல் இரண்டு பக்கமும் எழும்பி மேலே தெறித்தது. சதீஷ்குமாரே கம்பியைப் பிடித்துக்கொண்டார். தீனதயாளன் நனைந்த சட்டையோடு கருநீலத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு பெரிய லாட் வெளுத்துப்போனால் அந்த மாதிரிச் சின்னப் பட்டறை எழுந்திருக்காது. அப்படி எழுந்திருக்காமல் போன பட்டறைகள் எத்தனையோ அவருக்குத் தெரியும்.

மாநாட்டுக் கூடத்தில் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. வெளியே கடல். விஞ்ஞானிகள் பூப்போட்ட சட்டையும் அரைக்கால் சட்டையுமாக உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் டை கட்டியிருந்தது தீனதயாளன் ஒருவர்தான். காபி இடைவேளைக்குப் பிறகு மூன்றாவது ஆள். தன் முறை வருவதற்குள் இரண்டு முறை கழிப்பறைக்குப் போனார். முகத்தைக் கழுவிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். பேசாமல் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தார். அப்படிச் சொன்னால் சதீஷ்குமாரே மேடை ஏறி 24 என்று சொல்லிவிடுவார்.

அவர் பேரை அழைத்தார்கள். மேடையில் கம்ப்யூட்டர் திரையில் இரண்டு கோப்புகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. முன்வரிசையில் சதீஷ்குமார் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நாலாவது வரிசையில் தண்டாயுதபாணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மடியில் நோட்டையும் பேனாவையும் தயாராக வைத்திருந்தார். தீனதயாளன் அந்தப் பேனாவைப் பார்த்தார். 15-ஐத் திறந்தார்.

தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். சுருக்கத்தில் அனுப்பிய இருபத்துநான்கு தவறு. பதினைந்து லாட்தான் உண்மையில் புது உப்பு இல்லாமல் வந்தவை, எல்லாம் வெளிர் நிறங்கள். அடர்நிறம் ஒன்பதிலும் நிறம் போதாமல் உப்புச் சேர்க்கப்பட்டது. அது கார்டில் ஏறவில்லை. எங்கள் ஊரில் அது கார்டில் ஏறாது என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் நான் விசாரிக்கவில்லை. ஆகவே அடர்நிறத்துக்கு இந்த முறையை யாரும் நம்ப வேண்டாம். பன்னிரண்டு நிமிஷம் கொடுத்திருந்தார்கள். ஏழு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

கைதட்டல் ஒன்றிரண்டு கேட்டது. தலைமை வகித்த போர்ச்சுகல்காரப் பெண்மணி, எந்தெந்த அடர்நிறம் எவ்வளவு வெளுத்தது என்று மட்டும் கேட்டார். நிறம் நிறமாகச் சொன்னார். தண்டாயுதபாணி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து கதவோரமாகப் போய்ப் போனில் பேசியது மேடைவரைக்கும் கேட்டது. "உப்பு லோடு வேண்டாம்னு சொல்லியிருந்தனல்லொ? வரச் சொல்லிரு. ஆமா, இன்னைக்கே." வேண்டாமென்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தார். தீனதயாளன் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

தங்கும் அறைகளுக்குத் தண்ணீர்மேல் பலகைப் பாலம் போட்டிருந்தார்கள். சதீஷ்குமார் அங்கே காத்திருந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தீனதயாளனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே."

"சொல்லத் தைரியம் வல்லீங்க சார். தப்புத்தானுங்க."

"யாருங்க உப்புப் போட்டது?"

இருபத்திரண்டு வருஷத்தில் முதலாளி கேட்டு தீனதயாளன் பதில் சொல்லாமல் இருந்ததே கிடையாது. அப்பா காலத்திலும் இல்லை, மகன் காலத்திலும் இல்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்து நிற்கும். இப்போதும் தொண்டைவரை வந்துவிட்டது.

"கார்டை நம்புனது நானுங்க. கேக்காம உட்டதும் நானுங்க."

"பேரைச் சொல்லுங்க சார். போட்டவன் மட்டும் போகட்டும். நீங்க இருங்க."

"பேரு நான் சொல்ல மாட்டனுங்க."

சதீஷ்குமார் கையை நீட்டினார். "அப்ப லேப் சாவியக் குடுத்துருங்க," என்றார்.

லேபுக்கு மூன்று சாவிகள் உண்டு. தன்னுடையதை ஊரில் விட்டுவர மனமில்லாமல் கொண்டுவந்திருந்தார். வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில் கிடந்தது. கழற்றப் பார்த்தார். நகம் வளையத்துக்குள் நுழையவில்லை, வழுக்கி வழுக்கிப் போயிற்று. இரண்டு முறை பலகைமேல் விழுந்தது, குனிந்து எடுத்தார். சதீஷ்குமார் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே வளையத்தை வாங்கி, லேப் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

அமராவதியிடம் என்ன சொல்வது, இந்த வயதில் இன்னொரு பட்டறை எடுத்துக்கொள்ளுமா என்றெல்லாம் எண்ணம் ஓடியது. பயம் துளியும் குறையவில்லை. அவர் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முருகவேலின் பேரைச் சொல்லாமலே அறைக்கு நடந்தார்.